குளிருக்குப் பயந்து துபாயா?

கேள்வி: என் மகன் பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கிக்கொண்டு டொரண்டோ போய் இரண்டு வருடம் ஆகிறது. மருமகளும் அங்கே வேலை பார்க்கிறாள். பேத்திக்கு ஆறு வயது. ‘குளிர் தாங்கவில்லை, டிசம்பர் வந்தாலே எதிலும் மனம் ஒட்டுவதில்லை’ என்கிறான். இப்போது துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. வெயில் உண்டு, வரி இல்லை, சென்னைக்கும் நாலு மணி நேரம்தான் என்கிறான். மருமகளுக்கு இஷ்டமில்லை. அவனைப் போகச் சொல்லட்டுமா, இல்லை பேசாமல் சென்னைக்கே வந்துவிடு என்று சொல்லட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: நீங்கள் சொல்லி அவர் கேட்பாரா என்பது தனிக் கதை. கேட்பார் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் குளிர். டொரண்டோவில் டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டில் வேலைக்குக் கிளம்பி இருட்டில் வீடு திரும்புகிற ஆளுக்கு மனம் சுருங்கத்தான் செய்யும், அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிவிடாதீர்கள். குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவதால் வரும் இந்தச் சோர்வை மருத்துவர்கள் 1984-லேயே ஒரு கோளாறாக விவரித்துவிட்டார்கள். காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன்னால் உட்காருவது அதற்கான சிகிச்சைகளில் ஒன்று. நாட்டை மாற்றும் முன் டாக்டரைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்த்திருக்க மாட்டார். நம் பிள்ளைகள் விசாவுக்கு எத்தனை கவுன்டர் வேண்டுமானாலும் ஏறி இறங்குவார்கள், மனசு சரியில்லை என்று டாக்டரிடம் மட்டும் போக மாட்டார்கள்.

சரி, துபாய் வெயில். நவம்பரிலிருந்து மார்ச் வரை சொர்க்கம், மறுக்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை 40 டிகிரியைத் தாண்டும், கூடவே கடலோரப் புழுக்கம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது என்பதால் அங்கே பல வீடுகளில் கீசரை அணைத்துவிட்டு, ஏசி குளிரில் அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரைத்தான் குளிக்க எடுப்பார்கள். அதாவது சுடுதண்ணீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் சுடுதண்ணீர்! (மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு சின்டெக்ஸ் தண்ணீரில் கை கழுவிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளி வெயிலில் பொதுவாக வேலை வாங்கக் கூடாது என்று அங்கே தடையே இருக்கிறது. ஆக, ஜனவரியில் ஹீட்டர் போட்டு அடைந்து கிடந்தவர் ஆகஸ்டில் ஏசி போட்டு அடைந்து கிடப்பார். மாதம்தான் மாறும்.

எனவே வெயிலையும் குளிரையும் விடுங்கள். பார்க்க வேண்டியது காகிதத்தை. கனடாவில் ஐந்து வருடத்துக்குள் 1,095 நாட்கள் அந்த மண்ணில் இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் மகன் இரண்டு வருடம் முடித்துவிட்டார், இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் அந்தக் கணக்கு முடிந்துவிடும். முக்கால் கிணறு தாண்டிவிட்டு இப்போது கிளம்புவதற்கு என்ன அவசரம்? (குடியுரிமை வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், அப்புறம் வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைதான், விவசாய நிலம் வாங்க முடியாது. அது வேண்டாம் என்று அவர் நினைத்தால் அது நியாயமான காரணம். குளிர் அப்படி இல்லை.)

துபாயில் எத்தனை வருடம் உழைத்தாலும் பொதுவாகக் குடியுரிமை கிடையாது, அங்கே பிறக்கும் குழந்தைக்கும் கிடையாது. பத்து வருட கோல்டன் விசா எல்லோருக்கும் கிடைத்துவிடாது. சாதாரண வேலை விசா என்றால் வேலை போனதும் நாட்டை விட்டுக் கிளம்ப எத்தனை நாள் அவகாசம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, உண்மை. ஆனால் டொரண்டோவில் அரசுப் பள்ளியில் காசில்லாமல் படிக்கிற பேத்திக்கு அங்கே தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன, இலவசமாக இல்லை. வாடகைக்கு வரப்போகிற தேதிகளைப் போட்டு முன்கூட்டியே செக் எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவி, குழந்தைக்கான மருத்துவ இன்ஷூரன்ஸ் அவர் தலையில். ‘வரி இல்லை’ என்று சொல்லும்போது இதையெல்லாம் கூட்டிப் பார்த்தாரா?

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருமகளுக்கு இஷ்டமில்லை என்பதை ஒரே வரியில் சொல்லித் தாண்டிவிட்டீர்கள். டொரண்டோவில் அந்தப் பெண் சொந்த பி.ஆரில், சொந்த வேலையில் இருக்கிறாள். துபாய் போனால் பெரும்பாலும் கணவன் ஸ்பான்சர் செய்யும் விசாவில் போய் இறங்கி, வேலையை முதலிலிருந்து தேட வேண்டும். ‘அவள் இங்கேயே இருக்கட்டும், நீ மட்டும் முதலில் போ’ என்று நடுவில் யாராவது யோசனை சொல்வார்கள், அதையும் இப்போதே வெட்டிவிடுங்கள். மனைவி, குழந்தை, வீடு மூன்றும் கனடாவில் இருந்தால் வரித்துறை அவரை அந்த நாட்டுவாசியாகவே கருத வாய்ப்பு அதிகம், துபாய்ச் சம்பளத்துக்கும் கனடாவில் கணக்குச் சொல்ல வேண்டி வரும். வரி இல்லை என்று போனவர் குடும்பத்தையும் பிரிந்து வரியும் கட்டுவார்.

நாலு மணி நேரம் என்பதை மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசை உங்களுடையது என்று நினைக்கிறேன். தப்பே இல்லை. வீட்டில் ஒருவருக்கு ஆஸ்பத்திரி என்றால் துபாயிலிருந்து அன்றைக்கே மீனம்பாக்கத்தில் இறங்கிவிடலாம், டொரண்டோவிலிருந்து எங்கேயாவது விமானம் மாறி ஒரு நாள் ஆகும். துபாய்க்கு இருக்கிற நிஜமான சாதகம் என்று நான் ஒப்புக்கொள்வது இது ஒன்றுதான். ஆனால் நீங்களும் போகலாமே? பெற்றோருக்கு கனடா தரும் சூப்பர் விசாவில் ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம், வயதைப் பொறுத்து பிரீமியம் கடிக்கும். மே பிறந்ததும் போய்விட்டு அக்டோபரில் திரும்பினால் கத்திரியும் படாது, பனியும் படாது.

சென்னைக்கே வரச் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லுங்கள். மருமகளையும் போனில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஆனால் வந்து பார்த்து முடிவு செய்கிறேன் என்று அவர் சொன்னால் மார்கழியில் கூப்பிடாதீர்கள். கச்சேரி, பொங்கல், மாலைக் காற்று என்று எல்லாமே நன்றாகத்தான் தெரியும். மே மாதம் மூன்று வாரம், பேத்தியோடு, கரன்ட் போகிற உங்கள் வீட்டிலேயே தங்கட்டும். துபாய்க்கும் அப்படியே. இன்டர்வியூவுக்கு ஜனவரியில் கூப்பிட்டால் போகட்டும், கையெழுத்துப் போடும் முன் ஆகஸ்டில் ஒரு வாரம் மனைவியோடு போய்த் தங்கிவிட்டு வரட்டும்.