சுமார் எவ்வளவு வரும்? நாலாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு: பெற்றோர் கேள்விகள்

தேர்வுத் தாள் வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் எனக்குக் கேள்விகள் அதிகம் வரும். இந்த முறை நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் 16-ம் வாய்ப்பாடு வரை கடகடவென்று ஒப்பிக்கிறான். நடுவில் “ஏழெட்டு?” என்று கேட்டால் மட்டும் “ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு” என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். 20 வரை சொல்லிக் கொடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம். அவனுக்குப் பாட்டு வந்துவிட்டது, கணக்கு இன்னும் வரவில்லை. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் 16-ம் வாய்ப்பாடு அன்றாடம் தேவைப்பட்டது. 1957-ல் நூறு பைசாக் கணக்கு வந்த பிறகு அந்த அவசரம் இல்லை.

10 வரை உறுதியாக வந்தால் போதும். பத்துக்குப் பத்து, நூறு பெருக்கல் என்று மலைக்க வேண்டாம். 7×8 தெரிந்தால் 8×7-ம் தெரியும். 1, 2, 5, 10 பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும். ஒன்பதுக்குப் பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தால் சரி: 9×7 என்றால் 70-ல் 7 போக 63. இதையெல்லாம் ஒதுக்கினால் மிஞ்சுவது 3, 4, 6, 7, 8 ஆகியவற்றுக்குள் நடக்கும் 15 பெருக்கல்தான். அவற்றைத் துண்டு அட்டைகளில் எழுதி, சீட்டுக்கட்டு போலக் கலைத்துக் கேளுங்கள். அப்புறம் 16×7 கேட்டால் 70-ம் 42-ம் 112 என்று அவனே சொல்வான்.

கேள்வி: “தொள்ளாயிரத்து ஏழு” என்று சொன்னால் என் மகள் 9007 என்று எழுதுகிறாள். கவனக்குறைவா?

பதில்: இல்லை, கவனமாகக் கேட்டதால் வந்த தப்பு! அந்தச் சொல்லுக்குள் ‘ஆயிரம்’ இருக்கிறதே. தொண்ணூறில் ‘நூறு’ இருப்பதும் இப்படித்தான். தமிழில் இந்த இரண்டு சொற்களும் பிள்ளைகளை இழுத்துவிடும். திட்டாமல் பணத்தை எடுத்து வையுங்கள்: நூறு ரூபாய் நோட்டு ஒன்பது, பத்து ரூபாய் நோட்டு ஒன்றுமில்லை, ஒரு ரூபாய் காசு ஏழு. அந்த ‘ஒன்றுமில்லை’தான் நடுவில் இருக்கும் 0. பொம்மை நோட்டு போதும்.

கேள்வி: 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறான். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்க எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் மறுபடியும் இதே.

பதில்: மீ.சி.ம.-வைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். முதலில் ஒரே ஒரு கேள்வி: அரை தோசையோடு இன்னொரு துண்டு சேர்த்தால் அரை தோசையைவிடக் குறையுமா? ஐந்தில் பாதி இரண்டரை. அப்படியானால் 2/5 அரையைவிடச் சிறியது. இது உறைக்காத வரை மீ.சி.ம. வெறும் சடங்கு.

ஒரு வகுப்பில் 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டேன். ஒரு சிறுமி யோசிக்காமல் 1/4 என்றாள். மூன்றைவிட நான்கு பெரிது அல்லவா? “ஒரு அதிரசத்தை மூணு பேர் பங்கு போட்டா உனக்கு நிறையக் கிடைக்குமா, நாலு பேர் போட்டாலா?” என்றேன். “மூணு பேர்” என்றவள், கரும்பலகையைத் திரும்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நம் பிள்ளைகளுக்குக் காலும் அரையும் முக்காலும் வீட்டிலேயே தெரியும். பள்ளியில் ‘நான்கில் ஒன்று’ என்றதும் அது வேறு ஏதோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. பின்னப் பெருக்கலே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இனி உங்கள் கணக்கு. 12 செ.மீ. நீளத்தில் ஒரு தாள் பட்டை வெட்டுங்கள். பாதி 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ. சேர்த்தால் 10. பன்னிரண்டில் பத்து, அதாவது 5/6. இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவான அளவு ஏன் தேவை என்பது பட்டையைப் பார்த்தாலே புரியும். மீ.சி.ம. அதற்கப்புறம் வரட்டும்.

கேள்வி: 816 ÷ 8 = 12 என்று போடுகிறான். ஈவில் பூஜ்யம் விட்டுப்போகிறது.

பதில்: பென்சிலை எடுக்குமுன் “சுமார் எவ்வளவு வரும்?” என்று கேட்டுப் பழக்குங்கள். எட்டு நூறு 800, ஆக விடை நூறுக்கு மேல். இப்போது 12-ஐப் பார்த்தால் அவனுக்கே சிரிப்பு வரும். நூறுகள் பங்கிட்டாயிற்று. மிஞ்சிய ஒரு பத்தை எட்டுப் பேருக்குப் பத்தாகக் கொடுக்க முடியாது, அங்கே 0. பிறகு 16 ஒன்றுகள், ஆளுக்கு இரண்டு. விடை 102.

கேள்வி: 1000 − 437-ஐ என் மகள் கடன் வாங்காமல் 3, 60, 500 என்று ஏறிப்போய் 563 என்கிறாள். டீச்சர் தப்பு போட்டுவிட்டார்.

பதில்: கடைக்காரர் மீதிச் சில்லறை தருவது இப்படித்தான். 437-லிருந்து 440, அங்கிருந்து 500, அப்புறம் 1000. முறை சரி, விடையும் சரி. 999-லிருந்து 437-ஐக் கழித்து (562) ஒன்றைக் கூட்டினாலும் வரும். டீச்சரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். எப்படிச் செய்தாள் என்று பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கும் முறையும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: பிள்ளைக்குப் பிடித்திருந்தால் சேருங்கள், வேகம் வரும். ஆனால் எந்த இடத்தில் கூட்டுவது, எந்த இடத்தில் வகுப்பது என்பதை மணிகள் சொல்லித் தராது.

கேள்வி: 0.45, 0.5 இரண்டில் 0.45-தான் பெரிது என்று அடித்துச் சொல்கிறாள்.

பதில்: ‘புள்ளி நாற்பத்தைந்து’ என்று வாசிப்பதன் வினை. ‘புள்ளி நான்கு ஐந்து’ என்று வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்து காய்கறிக் கடைக்குக் கூட்டிப் போங்கள். மின்னணுத் தராசில் அரை கிலோ 0.500 என்று காட்டும், 450 கிராம் 0.450 என்று காட்டும். எது பெரிது என்பதில் அங்கே சண்டையே வராது. தக்காளி கிலோ 40 ரூபாய், திரையில் 0.750 என்றால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். “முக்கால் கிலோ, முப்பது ரூபாய்” என்று கடைக்காரருக்கு முன்னால் சொல்லிவிட்டால், கொசுறாக ஒரு கறிவேப்பிலைக் கொத்தை அவளையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.