ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பிள்ளைங்களுக்கு என்ன சமைக்கறது?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் வேலைக்கு போறோம், வீடு வந்து சேரவே ஏழு ஆயிடுது. பெரியவனுக்கு மூணு வயசு, பாப்பாவுக்கு பத்து மாசம். எங்களுக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணுன்னு மூணு சமையல் பண்ணி முடியல மேடம். ஞாயித்துக்கிழமையே மொத்தமா சமைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சு வாரம் பூரா சூடு பண்ணி குடுக்கலாமா?

பதில்: வாரம் பூரா வேண்டாம்மா. அதை விட மூணு சமையலை ஒண்ணாக்குங்க, பாதி பாரம் அதுலயே குறைஞ்சிடும். உப்பு காரம் போடறதுக்கு முன்னாடி பிள்ளைங்க பங்கை தனியா எடுத்து வெச்சிடணும், விஷயம் அவ்வளவுதான்.

வந்ததும் ஒரு கப் அரிசி, அரை கப் பாசிப்பருப்பு கழுவி குக்கர்ல போட்டு, கேரட், பீன்ஸ், தக்காளி பொடிசா நறுக்கி சேர்த்து, சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சத்தூள், அஞ்சு கப் தண்ணி ஊத்தி நாலஞ்சு விசில் விடுங்க. அது வேகற நேரத்துல பக்கத்து அடுப்புல முட்டை வெந்துடும். ஆவி அடங்கினதும் பாப்பாவுக்கு ரெண்டு கரண்டி எடுத்து ஸ்பூனால மசிச்சு கொஞ்சம் நெய், ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழ சாறு விடுங்க, பருப்புல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேர அந்த புளிப்பு உதவும். ஒரு வயசு வரைக்கும் உப்பு சக்கரை வேண்டாம், தேன் தொடவே கூடாது. பெரியவனுக்கு துளி உப்பு, மிளகுத்தூள். மிச்சத்துல கடுகு, காஞ்ச மிளகா, பெருங்காயம் தாளிச்சு சாம்பார் பொடி போட்டு ஒரு கொதி விட்டா உங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு ரெடி. மறுநாள் காய்க்கு பதிலா முருங்கைக்கீரை போடுங்க, இன்னொரு நாள் பாசிப்பருப்புக்கு பதிலா மைசூர் பருப்பு.

பாப்பா சாப்பாட்டை தயவுசெஞ்சு மிக்ஸில அடிக்காதீங்க! பத்து மாசத்துல கொஞ்சம் திப்பி திப்பியா சாப்பிட்டு மெல்ல பழகணும், பல் வரலைன்னாலும் ஈறுலயே மசிச்சிடுவாங்க. வேகவெச்ச கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டி கையில குடுங்க, ரெண்டு விரல்ல அழுத்தினா நசுங்கற அளவு வெந்திருக்கணும். முழு வேர்க்கடலை மட்டும் ரெண்டு பேருக்குமே வேண்டாம், தொண்டையில அடைச்சுக்கும், அரைச்சு குடுங்க.

இப்ப ஃப்ரிட்ஜ் விஷயம். நிறைய வீட்டுல காலைல வடிச்ச சாதத்தை மேடையிலயே விட்டுட்டு ஆபீஸ் போயிட்டு ராத்திரி சூடு பண்ணி குழந்தைக்கு குடுக்கறாங்க, எனக்கு பெரிய கவலையே இதுதான். பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, சாதம் வெந்தாலும் அதோட வித்து சாகாது, வெளிய கிடக்கற நேரத்துல பெருகி விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது, வாந்தி பேதி வரும். காலைல செஞ்சது ராத்திரிக்கு வேணும்னா தட்டுல பரப்பி சீக்கிரம் ஆற வெச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க, அடுத்த நாளுக்குள்ள தீர்த்துடணும், ஆவி பறக்கற மாதிரி ஒரே ஒரு தடவைதான் சூடு பண்ணணும். குழந்தை எச்சில் ஸ்பூன் பட்ட மிச்சத்தை எடுத்து வெக்கவே வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை உழைப்பை வேற எடத்துல போடுங்க. இட்லி மாவு ஆட்டி வெச்சிடுங்க, கேரட் பீன்ஸ் கழுவி துடைச்சு ரெண்டு மூணு நாளைக்கு நறுக்கி டப்பாவுல போடுங்க, அரிசியும் பருப்பும் அளந்து அஞ்சு டப்பால போட்டு வெச்சிட்டா வீட்டுக்காரர் முன்னாடி வந்தாலும் அவரே கழுவி குக்கர் வெச்சிடலாம், அவர்தான் வெக்கணும்னே சொல்லுவேன்.

பெரியவன் புதுசா ஒண்ணை பார்த்து மூஞ்சிய திருப்பினா விட்டுடாதீங்க, திணிக்கவும் வேண்டாம். சில பிள்ளைங்களுக்கு பத்து தடவைக்கு மேல தட்டுல பார்த்தாதான் கை போகும். ஒரு ஸ்பூன் மட்டும் வெச்சிட்டு நீங்க அதையே அவன் முன்னாடி சாப்பிடுங்க.