லட்சத்தீவில் பி. எம். சயீத் 37 ஆண்டுகள் எம்.பி.யாக நீடித்தது எப்படி?

ஒரு காரணம், அங்கே சட்டமன்றமே கிடையாது. நிர்வாகத்தை நடத்துபவர் குடியரசுத் தலைவர் நியமிக்கும் நிர்வாகி. அதனால் கப்பல், ஆஸ்பத்திரி, வேலை என எந்தக் குறையானாலும் டெல்லியில் பேச மக்களுக்கு இருப்பது ஒரே எம்.பி.தான். 1967க்கு முன் அந்த எம்.பி.யும் நியமன உறுப்பினரே.

அங்குள்ள ஆந்த்ரோத் தீவில் 1941இல் பிறந்த சயீத், முதல் நேரடித் தேர்தலான 1967இல் வென்றபோது வயது 25 தாண்டியிருந்தது, அவ்வளவுதான். 1999 வரை தொடர்ந்து பத்து வெற்றிகள். 1998 முதல் 2004 வரை மக்களவைத் துணைத் தலைவர்.

தொகுதி சின்னதென்று எண்ணிவிடக் கூடாது. மக்கள் வாழும் தீவுகள் பத்து. தெற்கே தனித்திருக்கும் மினிக்காய், கல்பேனித் தீவிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. கடல் தாண்டி இருக்கிறது. மொழியும் வேறு, மஹல். மற்ற தீவுகளில் பேச்சு மலையாளத்தின் ஒரு வகையான ஜெசரி. மழைக்காலக் கடல் கொந்தளிப்பில் படகில் சுற்றி வாக்குக் கேட்பதும் லேசல்ல.

வாக்காளர் குறைவென்பதுதான் இதில் பெரிய ஆபத்து. சில குடும்பங்கள் மனம் மாறினாலே முடிவு புரண்டுவிடும். 2004இல் அதுதான் நடந்தது: எதிர்த்து நின்ற பூக்குஞ்ஞிக்கு 15,597, சயீதுக்கு 15,526. வெறும் 71 வாக்கு! தோற்ற பிறகும் சயீத் மத்திய மின்துறை அமைச்சராகி, டெல்லியிலிருந்து மாநிலங்களவைக்குச் சென்றார். 2005 டிசம்பரில் சியோலில் காலமானார். 2009இல் அதே தொகுதியை வென்றவர் அவர் மகன் ஹம்துல்லா.