ஏரிக்கரையில் எதை அகற்றலாம், எதை விட்டுவைக்கலாம்?

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. அதைத் தூர்வாரி, கரைச் செடிகளை அகற்றி, சுற்றிலும் கல் பதித்து, விளக்குகளோடு நடைபாதை போடச் சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். பறவைகள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வேலை முழுவதையும் தடுக்க வேண்டியதில்லை. கரையோரத்தைக் காப்பாற்றிவிட்டால் போதும், பறவைகளில் பெரும்பாலானவை தங்கிவிடும்.

முதலில் ஆழம். உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள் சேற்றிலும் கால் நனையும் நீரிலும்தான் இரை தேடும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை பெரும்பாலும் முங்குவதில்லை; தலையை நீருக்குள் விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு மேயும். ஓரிரு அடிக்கு மேல் ஆழம் போனால் கழுத்து எட்டாது. ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, கரையைச் செங்குத்தாகக் கட்டிவிட்டால், முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம் போன்ற சிலவற்றுக்குத்தான் அங்கே இரை கிடைக்கும். நடுவில் தூர்வாரட்டும். ஒரு பக்கத்திலாவது கரை மெல்லச் சரிந்து இறங்க வேண்டும்.

அப்புறம் செடிகள். ஆகாயத்தாமரையைத் தயங்காமல் அகற்றச் சொல்லுங்கள். அது நீரை மூடி, வெயிலையும் ஆக்சிஜனையும் தடுக்கிறது. ஆனால் கரையோரச் சம்பும் கோரையும் வேறு கணக்கு. தாழைக்கோழி அவற்றுக்குள்தான் கூடு கட்டும். முக்குளிப்பானின் கூடோ நீர்ச்செடிகளைக் குவித்து, கோரையோடு பிணைத்த மிதவை. கூட்டை விட்டுப் போகும்போது முட்டைகளை ஈரப் பாசியால் மூடிவிட்டுப் போகும் பறவை அது. செடி பிடுங்குபவர் கண்ணுக்கு அது அழுகிய குப்பையாகத்தான் தெரியும், வாரிப் போட்டுவிடுவார். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ 20 நாள் ஆகும். கூடு கட்டும் பருவம் முடிந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். அப்போதும் ஒரே வீச்சில் எல்லாவற்றையும் வெட்டாமல், ஒரு பகுதியை இந்த வருடம், மறு பகுதியை அடுத்த வருடம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

விளக்கு வேண்டாம் என்று வாதாடாதீர்கள். இருட்டில் நடப்பவர்களின் பயம் நியாயமானது. உயரம் குறைந்த கம்பம், மேலே மூடி, மஞ்சள் ஒளி, தண்ணீர்ப் பக்கம் வெளிச்சம் விழாத அமைப்பு: இவற்றைக் கேளுங்கள். வலசைப் பறவைகள் பலவும் இரவில்தான் பறக்கின்றன. மேல்நோக்கி அடிக்கும் வெளிச்சம் அவற்றைத் திசைதிருப்பிவிடும். நடைபாதையும் ஏரியை முழுதாகச் சுற்றி வர வேண்டாம். ஒரு பக்கம் ஆள் போகாத கரையாக இருக்கட்டும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நடைபாதை வந்தால் ரொட்டித் துண்டுகளும் வரும். ரொட்டி பறவையின் வயிற்றை நிரப்புமே தவிர, சத்துத் தராது. மிஞ்சியது நீரில் அழுகி ஆக்சிஜனைத் தின்னும். வெப்பக் காலத்தில் அப்படிப்பட்ட நீரில் பெருகும் பாக்டீரியாவின் நச்சு, வாத்துகளை முடக்கிக் கொன்றே விடும். முதல் நாளே பலகை வைத்துவிடுவது நல்லது.

அடுத்த கூட்டத்துக்கு முன் சில காலை வேளைகளில் கரையோரம் நின்று பாருங்கள். எங்கே கூடு, எங்கே மேய்ச்சல், எந்த மரத்தில் அடைகின்றன என்று ஏரியின் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்கள் ‘தொடக்கூடாத பகுதி’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் அது பொக்லைன் ஓட்டுபவர் வரை போய்ச் சேராது.