டெக்னிக்கல் ரைட்டர் என்றால் ஆபீஸில் நாள் முழுக்க எழுதிக்கொண்டா இருப்பார்கள்?

அப்படி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். பதினோரு வருஷமாக ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இந்த வேலைதான், அதாவது சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதும் வேலைதான் பார்க்கிறேன். ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து எழுதினால் எனக்கு அது திருநாள்.

எங்கள் மாமா ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்பார்: "டெவலப்பர் பசங்க எழுதிக் குடுக்கிறதுக்கு இங்கிலீஷ் திருத்துற வேலதானே மாப்ள?" அவர்கள் எழுதிக் கொடுத்தால் நான் ஏன் மாமா அவர்கள் சீட்டுக்குப் பின்னால் போய்க் காத்து நிற்கிறேன்!

ஒரு நாள் கதை சொல்கிறேன். செட்டிங்ஸ் பக்கத்தில் 'டைம்அவுட்' என்று ஒரு கட்டம், சும்மா இருந்தால் எவ்வளவு நேரத்தில் சாஃப்ட்வேர் நம்மை வெளியே தள்ளும் என்பதற்கு. உள்ளே 30 என்று இருக்கிறது. முப்பது என்ன? டெவலப்பரைக் கேட்டேன். தலையைத் திருப்பாமல் "செகண்ட்ஸ்தான்" என்றார். டெஸ்டரைக் கேட்டால் "ஸ்பெக்குல பாருங்க". அந்த ஸ்பெக், அதாவது சாஃப்ட்வேர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த ஆவணம், இரண்டு வெர்ஷனுக்கு முந்தையது, அதில் அந்தக் கட்டமே இல்லை. கடைசியில் நானே 2 என்று போட்டுவிட்டு, மொபைலில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாக இரண்டாவது நிமிஷம் வெளியே தள்ளிவிட்டது. ஆக, நிமிஷம். இதற்கு அரை நாள். கையேட்டில் சேர்ந்தது ஒரே ஒரு வார்த்தை. நான் மொபைலை முறைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து மேனேஜர் அந்தப் பக்கம் போனார் என்பது தனிக் கதை.

ரிலீஸுக்கு முதல் நாள் 'சேவ்' பட்டன் 'அப்ளை' ஆகிவிடும். 46 ஸ்கிரீன்ஷாட்டையும் திரும்ப எடுக்க வேண்டும். இதெல்லாம் எழுத்து வேலையில் சேர்த்தியா என்று கேட்காதீர்கள்.

எழுதுகிற அந்த நேரத்திலும் பாதி வெட்டுவதற்கே போகிறது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. செய்முறை சொல்லும் வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விளக்கம் சொல்லும் வாக்கியம் 25ஐத் தாண்டக் கூடாது. எங்கள் சாஃப்ட்வேர் எங்கேயும் பறப்பதில்லை. இருந்தாலும் நான் அந்தக் கணக்கை வைத்துத்தான் வெட்டுகிறேன். டெவலப்பர் மெயிலில் ஒரே மூச்சில் வரும் அறுபது சொல் வாக்கியம், மூன்று படிகளாக உடைந்தபின் ஒரு குழந்தை எழுதியதுபோலத் தெரியும். "இத எழுத ரெண்டு நாளா?" என்று கேட்பவர்கள் அதைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

அந்த டைம்அவுட்? அடுத்த வெர்ஷனில் அதை செகண்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அது வாடிக்கையாளர் போட்ட புகார் டிக்கெட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.