கண்மாய் மீன்களுக்கு ஒரு கையேடு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். சுற்றுவட்டாரக் கண்மாய்களில் கிடைக்கும் மீன்களை மாணவர்களோடு சேர்ந்து செல்போனில் படம் எடுத்து வருகிறோம். மதுரை வட்டார நன்னீர் மீன்களுக்கு ஒரு படக் கையேடு கொண்டுவர ஆசை. இணையத்தில் தேடினால் ஒரே மீனுக்கு நாலு பெயர் வருகிறது. ஊரில் கேட்டால் நாலு மீனுக்கு ஒரே பெயர் சொல்கிறார்கள். எப்படித் தொடங்குவது?

பதில்: மிகவும் தேவையான வேலை இது, விட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இடம்பெறும் ஒவ்வொரு மீனையும் உங்கள் குழுவில் யாராவது கையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். எந்தக் கண்மாய், எந்தத் தேதி, யார் பிடித்தது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். 'தமிழ்நாட்டில் உண்டு' என்று எங்கோ படித்ததை நம்பிச் சேர்க்கும் மீன் மொத்தக் கையேட்டையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். இருபத்தைந்து மீன்தான் தேறுகிறது என்றாலும் பரவாயில்லை.

எல்லையை மாவட்ட வரைபடத்தைப் பார்த்துப் போடாதீர்கள், தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். மேற்கே போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் வருகிறது. அது பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில் ஓடி உங்கள் மேலூர்க் கண்மாய்களை நிரப்புகிறது. மலைக்கு அந்தப் பக்கத்து மீனும் தண்ணீரோடு வர வழி இருக்கிறது. அதனால் கால்வாய்த் தண்ணீர் வரும் கண்மாய், மழையை மட்டும் நம்பிய கண்மாய், அழகர்மலை ஓடை மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

மீன்களைப் பார்க்க உங்கள் ஊரை விட நல்ல இடம் கிடையாது. கோடையில் தண்ணீர் வற்றும்போது நடக்கிற மீன்பிடித் திருவிழாவில் ஊத்தா, கச்சா, வலையோடு ஊரே கண்மாயில் இறங்கிவிடும். விரால், குறவை, கெளுத்தி, ஆரால் என்று சேற்றில் பதுங்கிக் கிடப்பதெல்லாம் ஒரே காலையில் கரையேறும். பெரிய மீனை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் கூடையின் அடியில் கிடக்கும் பொடி மீனைக் கேட்டு வாங்குங்கள், புதிய தகவல் அங்கேதான் இருக்கிறது. மற்ற நாட்களில் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டு இறங்குவதுதான் முறை. காப்புக்காட்டு ஓடை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

இனி பெயர். மீனைப் பிடித்தவரிடம் நீங்கள் பெயர் சொல்லிக் கொடுக்காமல், அவர் சொல்வதை அப்படியே ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். பிறகு உடலைப் பாருங்கள். செதில் உண்டா? மீசை எத்தனை ஜோடி? முதுகுத் துடுப்பு எவ்வளவு நீளம்? பக்கவாட்டுக் கோடு வால் வரை போகிறதா, பாதியில் நிற்கிறதா?

அயிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் அந்தக் குழம்புக்கு இருக்கும் மரியாதை தெரிந்ததுதான். ஆனால் அயிரை என்று விற்கும் கூடையில் வேறு பொடி மீனும் கலந்திருக்கலாம். லெப்பிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்ற உண்மையான அயிரைக்குக் கண்ணுக்குக் கீழே மடங்கிக் கிடக்கும் இரட்டை முனை முள் ஒன்று உண்டு. ஊசி முனையால் மெல்ல நெம்பினால் நிமிரும். பார்வைக்கு அயிரை மாதிரியே இருக்கும் மலையோடை மீன்கள் சிலவற்றுக்கு அந்த முள் கிடையாது. கையேட்டில் இதற்கு ஒரு பெரிய படம் போட்டே ஆக வேண்டும்.

விராலில் வேறு சிக்கல். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாகத் திரியும், தாய் தகப்பன் காவலுக்கு நிற்கும். வளர்ந்ததும் நிறமே மாறிவிடும். குஞ்சைத் தனி மீன் என்று எழுதிவிடாமல், ஒரே பக்கத்தில் இரண்டு பருவத்தையும் காட்டுங்கள்.

அறிவியல் பெயர் குழம்புவதற்குக் காரணம் உண்டு. புன்டியஸ் என்ற ஒரே பேரினத்தில் இருந்த சிறு கெண்டைகள் பலவற்றை 2012-இல் பெத்தியா, டாகின்சியா என்று பிரித்துவிட்டார்கள். பழைய பெயரும் புதுப் பெயரும் இணையத்தில் சேர்ந்தே கிடக்கின்றன. கலிபோர்னியா அறிவியல் கழகம் இணையத்தில் பராமரிக்கும் மீன் பெயர்ப் பட்டியலில் பார்த்து இன்று செல்லும் பெயரை எடுங்கள்.

படத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி போதும். மீன் உயிரோடு இருக்கும்போதே, தலை இடப்பக்கம் பார்த்தபடி, துடுப்பு விரிந்த நிலையில், பக்கத்தில் அளவுகோலோடு எடுங்கள். செத்த பிறகு நிறம் போய்விடும். பெயர் உறுதியாகாத மீனில் ஓரிரண்டைக் கல்லூரி விலங்கியல் துறை மூலமாகப் பத்து சதவீத ஃபார்மலினில் வைத்து, அப்புறம் எழுபது சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றலாம். மாணவர்கள் கையில் ஃபார்மலினைக் கொடுக்க வேண்டாம். உள்ளே போடும் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும். அந்த மாதிரிகளைச் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்தில் காட்டிக் கேட்கலாம்.

வந்தேறி மீன்களை ஒதுக்காதீர்கள், தனி அடையாளம் போட்டுச் சேருங்கள். ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்புக்காகக் குஞ்சு விட்டதால் நம் கண்மாய்களுக்கு வந்தவை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடையே இருக்கிறது. எந்தக் கண்மாயில் எது இருக்கிறது என்ற இந்தப் பதிவு பின்னாளில் மிகவும் உதவும். 'அரிய மீன்' என்ற சொல்லை மட்டும் கணக்கெடுக்காமல் போடாதீர்கள். உலக அளவில் ஆபத்து இல்லை என்று பட்டியலில் உள்ள மீன் உங்கள் கண்மாயில் அற்றுப்போயிருக்கலாம்.

மீன்களை அகரவரிசையில் அடுக்காமல் உடல் அமைப்பை வைத்து அடுக்குங்கள். பெயர் தெரியாமல்தானே ஒருவர் கையேட்டைத் திறப்பார்? அச்சுக்குக் கொடுக்கும் முன் சில பக்கங்களை நகலெடுத்து, வலை போடுகிற ஒருவரிடமும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடமும் ஒரு கூடை மீனோடு கொடுத்துப் பாருங்கள். அவர்கள் தடுமாறும் பக்கங்களைத் திருத்திவிட்டு அச்சுக்குப் போங்கள்.