ஒரே ஒரு நெறிக்கட்டுதானே?

கேள்வி: அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பின் வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில், கழுத்தில் எடுத்த 24 நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் மட்டும் புற்று என்று இருக்கிறது. ஒன்றுதானே என்று நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: பாதி நிம்மதி அடையலாம். வாய்ப்புற்றில் நோயின் போக்கைக் கழுத்து முடிச்சுகள் அளவுக்கு வேறெதுவும் காட்டிக்கொடுப்பதில்லை. ஒன்றில் பரவியிருந்தாலே பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது மருத்துவர்களின் பழைய கணக்கு. ஆனால் எல்லா ‘ஒன்று’ம் ஒன்றல்ல.

ரிப்போர்ட்டில் ‘எக்ஸ்ட்ராநோடல் எக்ஸ்டென்ஷன்’ என்ற வரியைத் தேடுங்கள். புற்று முடிச்சின் உறையைத் துளைத்து வெளியே வந்துவிட்டதா என்பதை அது சொல்லும். வரவில்லை, முடிச்சும் 3 செ.மீ.க்குள், புற்று இருந்த அதே பக்கம் என்றால் முடிச்சுப் பரவலின் நிலை என்1 (N1). அதே சின்ன முடிச்சில் உறை உடைந்திருந்தால் அதைவிட மேல்நிலையான என்2ஏ (N2a). உறை தாண்டிய செல்கள் சுற்றியுள்ள கொழுப்பிலும் தசையிலும் ஒட்டிக்கொள்ளும். கத்திக்குத் தப்பியவை கழுத்திலேயே மறுபடி தலைகாட்டும், நுரையீரலுக்கும் போகும். அதனால்தான் உறை உடைந்தவர்களுக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்க்கிறார்கள். உடையாத ஒற்றை முடிச்சுக்குக் கதிர்வீச்சு வேண்டுமா என்பதைப் புற்றின் ஆழம், நரம்பைச் சுற்றிய பரவல் போன்றவற்றை வைத்து முடிவு செய்வார்கள்.

கதிர்வீச்சு என்று முடிவானால் ஆபரேஷன் ஆன 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். பலருக்கு இது தள்ளிப்போவது பல்லால்தான். கதிர்வீச்சுக்கு முன் சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் அந்தப் புண் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இப்போதே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

24 என்ற எண்ணும் நல்லதே. 18க்குக் குறைந்தால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகம் வரும்.

கேள்வி: எனக்கும் வாய்ப்புற்று. கழுத்தில் கட்டியே இல்லை, ஸ்கேனும் சுத்தம். கழுத்தையும் ஏன் திறக்க வேண்டும்?

பதில்: முடிச்சுக்குள் இருக்கும் ஓரிரு மில்லிமீட்டர் புற்றுப் படிவு ஸ்கேனில் தெரியாது. புற்று 3, 4 மி.மீ. ஆழம் தாண்டினால் அப்படி ஒளிந்திருக்கும் வாய்ப்பு கணிசமாக ஏறும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், முடிச்சுகளை முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் 3 ஆண்டுகள் கடந்து உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரியட்டும் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்தான். கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு தோள் கனத்துக் கை தூக்கச் சிரமம் வரலாம். அங்குள்ள நரம்பு இழுபட்டிருக்கும், பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள்.